பிளானில் ஒரு சின்ன வட்டம்

மகள்,

அடுத்த சனிக்கிழமை நீ வேலைக்காகச் சிட்னிக்குப் போகிறாய் என்ற செய்தி எனக்கு அம்மா வழியாக வந்தது. ஏழு கிழமையாக, கிட்டத்தட்ட இரண்டு மாதமாக, உன்னைப் பற்றிய எல்லாச் செய்தியும் எனக்கு அப்படித்தான் வருகிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, நீ சாப்பிட்டாயா என்பதைக்கூட அவளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். அவளும் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏன், உங்களுக்கு வாயில்லையோ?" என்று எரிந்து விழுகிறாள். வாய் இருக்கிறது, பிள்ளை. அந்த வாயால் உனக்குக் கடைசியாகச் சொன்னது பொய். அது பொய்யென்று அந்த நிமிடமே உனக்குத் தெரிந்தும் விட்டது. இனி அதைத் திறந்து என்ன சொன்னாலும் நம்புவாயோ என்ற பயத்தில்தான் பேனையை எடுத்திருக்கிறேன். மெல்பேர்ணிலிருந்து சிட்னி தூரமில்லை, காலையில் பிளேன் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். நீ போவதில் எனக்குக் கவலை இல்லை. என்னை நம்பாமல் போகிறாய் என்பதுதான் கவலை.

முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் நீ அறிந்தது உன் பக்கம். என் பக்கம் கொஞ்சம் வெட்கக்கேடானது.

போன வருடம் மார்ச்சில் நோபல் பார்க்கில் அந்த ஹோல் வேலை எனக்குக் கிடைத்தது. கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று எங்கள் ஆட்கள் வாடகைக்கு எடுக்கிற இரண்டு மாடி ஹோல். கூரையில் இரண்டு பெரிய ஹீற்றர் பெட்டிகள், ஒவ்வொன்றும் ஒரு சின்ன வான் அளவு. கீழே தெருவோரம் இருக்கும் காஸ் மீற்றரிலிருந்து பைப் எடுத்து, சுவரோடு ஏற்றி, கூரை மேலால் கொண்டுபோய் அந்த இரண்டுக்கும் கொடுப்பது என் பொறுப்பு. பிளான் வந்ததும் வழக்கம்போல மூலையைப் பார்த்தேன். கீறியவரின் முதலெழுத்துகள் போடும் இடத்தில் உன்னுடையவை இருந்தன. நான் அந்தத் தாளை மடிக்காமல் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவுக்குக் காட்டினேன். அவளுக்கு அதில் ஒரு கோடும் விளங்கவில்லை, ஆனாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் பார்த்தாள்.

முதல் சைற் மீற்றிங்குக்கு நீ வெள்ளைத் தொப்பியோடு வந்தாய். பெரிய மனுஷி மாதிரி எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டு வந்து, என் முறை வந்ததும் என் கையையும் பிடித்துக் குலுக்கி, இங்கிலிஷில் உன்னை அறிமுகம் செய்தாய். கண்ணில் சிரிப்பு. நான் "யெஸ் மேடம்" என்றேன். நாங்கள் அப்பாவும் மகளும் என்பது கட்டட மேற்பார்வையாளருக்கு மத்தியானம்தான் தெரிந்தது, அதுவும் நீ அவர் முன்னாலேயே, "அப்பா, அம்மா புட்டும் கத்தரிக்காயும் தந்துவிட்டவ, காரிலை இருக்கு" என்று சொன்னபிறகு. அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். என் வாழ்க்கையில் அதைப்போல ஒரு நாள் நான் கண்டதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அடுத்து நான் செய்த காரியத்தின் வேர் அந்தச் சந்தோஷத்தில்தான் இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து, கூரை விளிம்பில் நின்று அளவுநாடாவைக் கீழே விட்டபோது பிழை தெரிந்தது. மேலிருந்து பார்த்துக் கீறும் பிளானில், சுவரோடு ஏறும் பைப் ஒரு சின்ன வட்டமாகத்தான் இருக்கும், சட்டைப் பொத்தான் அளவு. நீ கோடுகளை எல்லாம் ஒழுங்காக அளந்து கூட்டி, அட்டவணையைப் பார்த்து, நாற்பது மில்லிமீற்றர் பைப் என்று எழுதியிருந்தாய். கூட்டலில் பிழையில்லை. ஆனால் அந்த வட்டத்துக்குள் பதினொரு மீற்றர் சுவர் நின்றது. அதை நீ அளக்கவே இல்லை. பைப்பின் நீளம் கூடக் கூட காஸின் அழுத்தம் வழியிலேயே குறைந்துகொண்டு போகும். ஒரு ஹீற்றர் மட்டும் எரியும்போது ஒன்றும் தெரியாது. இரண்டும் எரிந்து, கீழே குசினியில் அடுப்புகளும் எரிந்தால் எல்லாவற்றுக்கும் மூச்சு முட்டும். ஐம்பது மில்லிமீற்றர் போட்டிருக்க வேண்டும்.

இப்படி ஒரு பிழை கண்டால் செய்ய வேண்டியது மிகச் சின்ன வேலை. முதலில் இஞ்சினியருக்கு ஒரு போன். பிறகு மாற்றத்தைச் சிவப்புப் பேனையால் பிளானில் குறித்து, வேலை முடிந்ததும் அவர்களுடைய ஒபிஸுக்கு அனுப்புவது. எத்தனையோ இஞ்சினியர்களுக்கு நான் அப்படிப் போன் எடுத்திருக்கிறேன். சிலர் நன்றி சொன்னார்கள், ஒருவர் கத்தினார், ஒருவரும் செத்துப்போகவில்லை. உனக்கு எடுக்க என்னால் முடியவில்லை. போனில் உன் பெயரை எடுத்து வைத்துக்கொண்டு காற்றில் நின்றேன். நீ வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. கோவிலில், கடையில், அன்ரி வீட்டில் என்று நான் போகிற இடமெல்லாம் "மகள் கீறுறா, நான் பூட்டுறன்" என்று பெருமையடித்துத் திரிந்தவன். அந்தப் பெருமையில் ஒரு கீறல் விழுவதை நான் விரும்பவில்லை. போனைப் பையில் வைத்துவிட்டேன்.

ஐம்பது மில்லிமீற்றர் செம்புப் பைப் வாங்கி வந்து போட்டேன். கூரைத் தகரத்தில் செம்பு நேரே படாமல் ரப்பர் கட்டைகள் வைத்து, பிடிகளை நூல் பிடித்ததுபோல நேராக வைத்து, மிக அழகாகப் போட்டேன். காற்றடித்துச் சோதித்து, எல்லாவற்றையும் ஒன்றாகப் பற்றவைத்து அழுத்தம் பார்த்தேன். எல்லாம் சரி. கட்டடக்காரருக்குக் கொடுத்த சான்றிதழில் ஐம்பது என்று உண்மையைத்தான் எழுதினேன். உன் ஒபிஸுக்குத் திருப்பி அனுப்பிய பிளானில் ஒரு சிவப்புக் கோடும் இல்லை. சட்டத்துக்கு உண்மையும் மகளுக்குப் பொய்யும் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். நீ என்னிடம் "எல்லாம் ஓகேயோ அப்பா?" என்று கேட்டாய். "அந்தமாதிரி, ஒரு குறையுமில்லை" என்றேன்.

எனக்குப் பெருமை மட்டும்தான் காரணம் என்று நினைக்காதே. பயமும் இருந்தது, அது பழைய பயம். நாங்கள் படகில் வந்து இறங்கியபோது உனக்கு ஒன்பது வயது. விசாக் கடிதம் கைக்கு வரும்வரை இருந்த அந்த வருடங்களில் அம்மாவும் நானும் ஒரே ஒரு சட்டத்தில்தான் வாழ்ந்தோம்: வீட்டில் பிழை நடக்கக்கூடாது, நடந்தால் வெளியே தெரியக்கூடாது. பள்ளிக்கூட நூலகப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை நீ கிழித்துவிட்டாய், ஞாபகம் இருக்கிறதா? நான் அன்றைக்கு வேலைக்குப் போகாமல், பஸ் மாறி மாறி மெல்பேர்ணில் உள்ள பழைய புத்தகக் கடையெல்லாம் ஏறி இறங்கி, அதே புத்தகத்தைத் தேடினேன். கிழிந்த பக்கம் ஒன்று எங்கள் கோப்புக்குள் போய்ச் சேர்ந்துவிடும், எங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று மெய்யாகவே நம்பினேன். நான் வெறுங்கையோடு வீடு வந்தபோது, நீ ஏற்கெனவே ஆசிரியையிடம் சொல்லிவிட்டிருந்தாய். அவர் சிரித்துக்கொண்டே ஒட்டுநாடா கொடுத்தாராம். ஒன்பது வயதில் உனக்குத் தெரிந்தது எனக்கு இன்றுவரை தெரியாமல் போய்விட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. இதை நான் அம்மாவுக்கும் சொன்னதில்லை. ஒன்பதாம் வகுப்பில் ஐஸ்கிரீம் தடிகளால் பாலம் கட்டும் போட்டி. நீ கட்டிய பாலம் நடுவில் தொய்ந்தது. நீ நடன வகுப்புக்குப் போயிருந்த நேரம், நான் அதன் அடியில் மெல்லிய இரும்புக் கம்பி ஒன்றை வைத்து, மேலே தடிகளை ஒட்டி மறைத்தேன். முதல் பரிசு. மேடையில் ஆசிரியர் எப்படித் தாங்கியது என்று கேட்க, முக்கோணங்களைப் பற்றி நீ ஐந்து நிமிடம் விளக்கம் சொன்னாய். நீ சொன்னதெல்லாம் சரிதான், ஆனால் தாங்கியது என் கம்பி. அன்றைக்குக் காரில் வரும்போதுதான் நீ முதன்முதலாக, இஞ்சினியருக்குப் படிக்கப்போகிறேன் என்று சொன்னாய். நீ பரிசு வாங்கும்போது எடுத்த படம் இன்னும் எங்கள் வரவேற்பறையில் தொங்குகிறது. வேண்டுமென்றால் கழற்றிவிடு. ஆனால் ஒன்றை மட்டும் நம்பு: அதற்குப் பிறகு படித்தது நீ, பரீட்சை எழுதியது நீ. பல்கலைக்கழகக் கணக்குகளுக்குள் கம்பி வைக்கிற அளவுக்கு உன் அப்பனுக்கு மூளை இல்லை.

இனி இந்த வருட ஜூன் மாதம், இங்கே குளிர் தொடங்கும் காலம். வடக்குப் பக்கத்தில் அந்த முதியோர் இல்லம். அதற்கும் நீதான் பைப் கணக்குப் போட்டாய், அதே முறையில்தான் போட்டாய். அந்த முறை பிழை என்று உனக்கு யார் சொன்னார்கள்? அங்கே பைப் போட்டவர் உன்னை அறியாதவர், பிளானில் எழுதியிருந்ததை எழுதியபடியே போட்டார். வெயில் காலத்தில் ஒவ்வொரு ஹீற்றராகப் பற்றவைத்துப் பார்த்துச் சரி என்று எழுதிவிட்டுப் போனார்கள். ஜூனில் உறைபனி விழுந்த காலையில் எல்லா ஹீற்றரும் ஒன்றாக காஸ் கேட்டபோது, அழுத்தம் விழுந்து ஒவ்வொன்றாக அணைந்தன. மூன்று நாள். கிழவர்களும் கிழவிகளும் போர்வைகளோடு சாப்பாட்டு அறையில் இருந்தார்கள். ஒரு வயதான அம்மாவை நெஞ்சுச் சளியோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர் சுகமாகித் திரும்பி வந்துவிட்டார் என்று நீ அம்மாவிடம் சொன்ன அன்றுதான் எனக்குச் சோறு இறங்கியது.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் நீ குசினிக்குள் வந்ததை நான் மறக்கமாட்டேன். நான் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். நீ பையைக்கூட இறக்கவில்லை.

"அப்பா, அந்த ஹோலிலை என்ன சைஸ் பைப் போட்டனீங்கள்?"

"நீ கீறினதுதான். நாப்பது."

நீ போனை மேசையில் வைத்தாய். அதில் ஒரு படம், என் பைப், அதைச் சுற்றி யாரோ பிடித்திருந்த அளவுநாடா. ரப்பர் கட்டைகளைப் பார்த்ததும் என் வேலை என்று எனக்கு விளங்கிவிட்டது.

"மீற்றிங்கிலை பன்னிரண்டு பேர் அப்பா. நான் எழும்பி நிண்டு சொன்னனான், இதே மெதட்டிலை ஒரு ஹோல் செய்தனான், ஒரு வருஷமா ஒரு பிரச்சினையும் இல்லை, போய்ப் பாருங்கோ எண்டு. போய்ப் பாத்தவை. பாத்திட்டு வந்து இந்தப் படத்தை ஸ்கிரீனிலை போட்டவை. டூ யூ நோ வட் தட் வோஸ் லைக்? அது எப்பிடி இருந்தது எண்டு தெரியுமோ?"

"அது உன்ரை நன்மைக்குத்தான் பிள்ளை..."

"நான் பிழை விட்டிருக்கிறன் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. நீங்கள் சொல்லியிருந்தா அந்த ஆக்கள் குளிரிலை இருந்திருக்க மாட்டினம்."

நீ கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், இரண்டு நாளில் சரியாகியிருக்கும். நீ கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினாய். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றவள் தண்ணீரை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். அவளும் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள்தானே. "குளிரிலை விறைச்சுப்போன வயசான கையைப் பிடிச்சுப் பாத்திருக்கிறியளோ? நான் பிடிச்சிருக்கிறன்," என்றாள். பிறகு, "அவளுக்கு என்ன செய்துபோட்டியள் எண்டு உங்களுக்கு விளங்குதோ?" என்று கேட்டாள். விளங்குகிறது என்றேன். உண்மையில் அன்றைக்கு விளங்கவில்லை. உன்னைக் காப்பாற்றப்போய் மாட்டிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன், உன்மேல் கொஞ்சம் கோபமும் இருந்தது. விளங்குவதற்கு இந்த ஏழு கிழமை தேவைப்பட்டது.

நான் உன்னைக் காப்பாற்றவில்லை. உன் பிழையை உன்னிடமிருந்து திருடினேன். அது உனக்குச் சொந்தமானது. அதை நீ வேலைக்குச் சேர்ந்த எட்டாம் மாதத்திலேயே உன் கையில் தந்திருந்தால், ஒரு பின்னேரம் அழுதிருப்பாய், அம்மா கோப்பி போட்டுத் தந்திருப்பாள், பிறகு உயிருள்ளவரை ஏறும் பைப்பை அளக்க மறந்திருக்க மாட்டாய். நான் மறைத்ததால் அது வளர்ந்து, முன்பின் தெரியாத ஒரு அம்மாவின் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. அதற்கான வெட்கத்தில் பாதியை நீ சுமக்கிறாய். அது என்னுடையது, மகள். உன் மேலாளரிடம் போய் அதைச் சொல்லவா என்று அம்மாவிடம் கேட்டேன். "திரும்பவும் அவளுக்காக நீங்களோ?" என்று ஒரு பார்வை பார்த்தாள். போகவில்லை.

புத்திமதி சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதோ தெரியாது, இருந்தாலும் அப்பன் என்ற பழக்கத்தில் ஒன்றிரண்டு சொல்கிறேன். சிட்னியில் உன் வேலையை யாராவது எடுத்தவுடன் நல்லது நல்லது என்று சொன்னால், இரண்டாவது முறை கேள். ஒரு வேலை சரியாக ஓடுகிறது என்பதற்காக அது நீ கீறியபடி ஓடுகிறது என்று நினைத்துவிடாதே, கூரைக்கு ஏறிப் பார். கட்டடத்தில் நிற்கிற பைப்காரன், மின்சாரக்காரன் எல்லோருக்கும் உன் நம்பரைக் கொடு, பிழை கண்டால் போன் எடுக்கச் சொல்லு, எடுத்தவனைக் கோபிக்காதே. அங்கே யாராவது ஒரு தமிழ் அங்கிள் உன்னைப் பிள்ளை என்று கூப்பிட்டு, "நான் பாத்துக்கொள்ளுறன், நீர் யோசியாதையும்" என்று சொன்னால், அவரிடம்தான் மிகக் கவனமாக இரு. அந்த ஆளை எனக்கு நன்றாகத் தெரியும்.

இதை எழுதத் தொடங்கியது மன்னிப்புக் கேட்பதற்காக. மன்னித்துக்கொள், பிள்ளை. அதை நேராகச் சொல்லிவிட்டேன். ஆனால் கடிதத்தை இன்றைக்கே முடிக்க வேண்டி வந்ததற்கு வேறு காரணம் இருக்கிறது.

கிரெய்கிபர்னில் கட்டப்போகும் ஒரு சிறுவர் பராமரிப்பு நிலையத்துக்கு காஸ் வேலைக்கு விலை கேட்டு, நேற்று எனக்குப் பிளான் வந்தது. ஐந்து தாள். மூலையில் உன் முதலெழுத்துகள். நீ மெல்பேர்ணில் செய்த கடைசி வேலையாக இருக்க வேண்டும். மேசையில் விரித்து வைத்து, அளவுகோலோடு இரண்டு மணித்தியாலம் பார்த்தேன். ஏறும் பைப்பைத் தனியாக, பக்கவாட்டில் கீறி, உயரத்தைப் பெரிதாக எழுதியிருக்கிறாய். நீளங்களை மூன்று முறை கூட்டினேன், உன் கணக்கு சரி. எல்லா அளவும் சரி. எனக்குக் கண் கலங்கியது என்று எழுதுவதில் வெட்கமில்லை.

ஆனால் நாலாம் தாளில், கூரையில், ஹீற்றர் பக்கத்தில் அழுத்தம் குறைக்கும் ரெகுலேற்றரைப் போட்டிருக்கிறாய் அல்லவா? அதன் மூச்சுத் துளை, ஹீற்றர் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் வாய்க்குப் பக்கத்தில் வருகிறது. அந்த ரெகுலேற்றர் என்றாவது பழுதானால், வெளியேறும் காஸை அந்த ஹீற்றரே உறிஞ்சி, சின்னப் பிள்ளைகள் படுத்திருக்கிற அறைக்குள் அனுப்பும். அது தள்ளி இருக்க வேண்டும். இந்த வேலை எனக்குக் கிடைத்தால், ஒருவருக்கும் தெரியாமல் அதைத் தள்ளி வைத்துவிட எனக்குப் பத்து நிமிடம் போதும். எப்படி வைப்பது, பைப்பைத் திருப்ப எந்த முழங்கைத் துண்டு வேண்டும் என்றுகூட நேற்று மனதுக்குள் எண்ணிவிட்டேன். பிறவிக்குணம். பிறகு எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

பிழை கண்டால் முதலில் இஞ்சினியருக்குத்தான் சொல்ல வேண்டும். இஞ்சினியர் நீ. நாலாம் தாளை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், இடத்தைப் பென்சிலால் காட்டியிருக்கிறேன். வியாழக்கிழமை இதே கேள்வியை உன் ஒபிஸுக்கும் எழுத்தில் அனுப்புவேன், இந்த வேலைக்கு விலை கொடுக்கிற எல்லோருக்கும் அது போகும், உன் மேலாளரும் பார்ப்பார். அதற்குள் நீ திருத்தலாம். அல்லது நான் அறியாத காரணம் ஏதாவது இருந்து அதை அங்கே வைத்திருந்தால், நான் சொல்வது பிழை. அப்படியானால் பிழை என்று எழுதி, தாளை என் மேசையில் வை. அப்பாதானே என்று விட்டுவிடாதே.